ஏழு நாளில் சிசிலி: இரண்டு ஊரில் தங்கினால் போதும்

மத்தியதரைக் கடலில் சிசிலியைவிடப் பெரிய தீவு கிடையாது. பரப்பளவு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் முக்கோணம். மூன்று பக்கமும் கடலோரமாகச் சாலை ஓடுகிறது, பெயர் தெரிந்த ஊர்களில் பெரும்பாலானவை அந்தச் சாலையை ஒட்டியே இருக்கின்றன. ஒரு வார விடுமுறையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரைபடத்தின் முன் உட்காருகிற யாருக்கும் விரல் தானாக ஒரு வட்டம் போட்டுவிடும். கத்தானியாவில் இறங்க வேண்டியது, சிராகூசா, அக்ரிஜென்டோ, டிராபானி, பலேர்மோ, செஃபலூ, மெசினா, தாவோர்மினா என்று சுற்றி வந்து மறுபடி கத்தானியாவிலேயே விமானம் ஏற வேண்டியது. பார்க்க அழகான திட்டம்தான். ஆனால் ஏழு நாளுக்கு இது தவறான திட்டம் என்பது என் கருத்து. ஒரு வாரம் என்றால் தங்குவது இரண்டே ஊரில் இருக்க வேண்டும், மற்ற இடங்களுக்கெல்லாம் அங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவையும் உண்டு, அவற்றில் இரண்டு நிஜமாகவே வலுவானவை. அவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் கணக்கு. பயணத்தை நாள் கணக்கில் போடுவதைவிட அரைநாள் கணக்கில் போட்டால் உண்மை நிலவரம் தெரியும். ஏழு நாள் என்றால் பதினான்கு அரைநாள். சென்னையிலிருந்து சிசிலிக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடாவிலோ ஐரோப்பாவின் ஏதாவது ஒரு பெரிய நகரத்திலோ மாறித்தான் போக வேண்டும். போய் இறங்கும்போது பெரும்பாலும் மதியம் தாண்டியிருக்கும், திரும்புகிற அன்று பகல் முழுவதும் விமான நிலையத்துக்கே சரியாகிவிடும். மூன்று அரைநாள் இப்படிப் போனால் மிச்சம் பதினொன்று. இப்போது வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். முழுச் சுற்று ஏறத்தாழ 900 கிலோமீட்டர். ஆறு இரவுக்கு ஐந்து ஊர் என்று வைத்தால் நான்கு முறை அறை மாற்ற வேண்டும். அறை மாற்றுவதில் பயண நேரம் ஒரு பகுதிதான். காலை பத்து, பத்தரைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் மூன்று மணி வாக்கில்தான் சாவி கொடுப்பார்கள். நடுவில் இருக்கிற நேரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு அருங்காட்சியகத்துக்குள் நுழைய முடியாது, காரில் பெட்டியை விட்டுவிட்டு நிம்மதியாகச் சுற்றவும் முடியாது. ஆகவே ஒரு மாற்றத்துக்கு ஒரு அரைநாள் என்பது குறைந்தபட்சம். சிராகூசாவிலிருந்து அக்ரிஜென்டோவுக்குப் போகிற அன்று இரண்டு அரைநாளும் போய்விடும். மொத்தம் ஐந்து. பதினொன்றில் ஐந்து போனால் ஆறு. ஐந்து ஊரைப் பார்க்க ஆறு அரைநாள்தான் கையில் நிற்கிறது. இரண்டே ஊரில் தங்கினால் மாற்றம் ஒன்று, கையில் பத்து. அதே விமானக் கட்டணம், அதே விடுமுறை, பார்க்கிற நேரம் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல்.

சிராகூசாவிலிருந்து அக்ரிஜென்டோவுக்கு ஏன் ஒரு நாள் என்று கேட்கலாம். வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரிகிறது, சாலை வழியாகவும் சுமார் 215 கிலோமீட்டர்தான். ஆனால் சிசிலியின் மூன்று கரையும் ஒரே மாதிரி இல்லை. கிழக்கே மெசினாவிலிருந்து கத்தானியாவுக்கும், வடக்கே மெசினாவிலிருந்து பலேர்மோவுக்கும், பலேர்மோவிலிருந்து மேற்கு முனைக்கும் நெடுஞ்சாலை உண்டு. தீவின் நடுவே பலேர்மோவையும் கத்தானியாவையும் இணைக்கிற நெடுஞ்சாலையும் உண்டு. தெற்குக் கரையில் மட்டும் அப்படி முழுமையான நெடுஞ்சாலை இல்லை. சிராகூசாவிலிருந்து ஜேலாவுக்குப் போட வேண்டிய பாதை பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகத்தான் வளர்ந்து வருகிறது. அது முடிகிற இடத்திலிருந்து ஊர்களுக்குள் புகுந்து புறப்படுகிற பழைய சாலையில், லாரிகளுக்குப் பின்னால் போக வேண்டும். காரில் போனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயிலிலோ பஸ்ஸிலோ போனால் இடையில் இறங்கி மாறி, காத்திருந்து, பகலே போய்விடும். வட்டம் போடுகிறவர்கள் எல்லா ஊர்களையும் ஒரே இடைவெளியில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். சிசிலியில் தூரத்தைக் கிலோமீட்டரை வைத்து மதிப்பிட முடியாது, எந்தக் கரை என்பதைப் பொறுத்தே நேரம் அமைகிறது.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. தெற்கு இத்தாலியின் சிறிய ஊர்களில் மதியம் ஒரு மணிக்குக் கடைகள் அடைத்துவிடும், நான்கு மணிக்குப் பக்கத்தில்தான் திறக்கும். தேவாலயங்களில் பலவும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடி மாலையில் மறுபடி திறக்கின்றன. ஓட்டல்களில் மதியச் சாப்பாடு இரண்டரைக்குள் முடிந்துவிடும், இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் தொடங்காது. ஊரே ஓய்வெடுக்கிற அந்த நேரத்தில் தங்கியிருக்கிற அறை நடந்து போகிற தூரத்தில் இருந்தால் நாமும் ஊரைப் போலவே சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, ஐந்து மணிக்குப் புதிதாகக் கிளம்பலாம். வட்டத்தில் போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. காலையில் கிளம்பி மதியம் ஒரு ஊரை அடைகிறவர்கள் மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டு, ஊர் திறக்கிற நேரத்தில் அடுத்த ஊருக்கு வண்டி ஏறுகிறார்கள். குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் போகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். சிசிலியின் சிறந்த நேரம் மாலை ஆறு மணிக்கு மேல்தான், ஊர் மக்கள் மொத்தமும் உடுத்திக்கொண்டு தெருவில் நடக்க வருகிற நேரம். அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் இருப்பதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சரி, இரண்டு ஊரில் தங்கினால் என்ன கிடைக்கும்? சிராகூசாவையே எடுத்துக்கொள்வோம். பழைய ஊரான ஒர்தீஜியா பாலத்தால் இணைந்த ஒரு குட்டித் தீவு, ஒரு கிலோமீட்டர் நடந்தால் முனை வந்துவிடும். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் கொரிந்திலிருந்து வந்த கிரேக்கர்கள் இங்கேதான் குடியேறினார்கள். ஆர்க்கிமிடீஸ் பிறந்து வாழ்ந்து, கி.மு. 212இல் ரோமானியர் ஊரைப் பிடித்தபோது கொல்லப்பட்டதும் இதே ஊரில்தான். ஊர் நடுவே இருக்கிற பேராலயத்தின் முகப்பு பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரோக் வேலைப்பாடு. முகப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் இத்தாலியில் எங்கும் பார்க்கிற இன்னொரு தேவாலயம். இடப்பக்கமாகத் திரும்பி, வடக்குச் சுவரை ஒட்டிய தெருவில் நடந்தால் சுவருக்குள்ளிருந்து பருத்த கல்தூண்கள் பாதி உடம்போடு துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். அவை கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அதீனா தேவிக்குக் கட்டிய கோயிலின் தூண்கள். கோயிலை இடிக்காமல், தூண்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிகளைக் கல் வைத்து அடைத்து ஏழாம் நூற்றாண்டில் தேவாலயமாக்கிவிட்டார்கள். உள்ளே போனால் கருவறைச் சுவரில் இருபுறமும் வளைவுகளைக் குடைந்து வழி விட்டிருப்பது தெரியும். அரபுகள் ஆண்டபோது இதுவே மசூதியாக இருந்தது என்கிறார்கள். பிறகு நார்மன்கள், பிறகு 1693 நிலநடுக்கம், பிறகு இப்போதைய முகப்பு. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு சிசிலி வரலாறு ஒரே கட்டடத்தில் அடுக்கடுக்காக இருக்கிறது. இதை அரைமணி நேரத்தில் ‘பார்த்துவிட’ முடியும். வெளியே வந்து சதுக்கத்தில் உட்கார்ந்து, மாலையில் மறுபடி உள்ளே போய் தூண்களின் அடியில் நின்று பார்த்தால்தான் அது மனதில் தங்கும். அதற்கு இரவு தங்குகிற ஊர் அதுவாக இருக்க வேண்டும்.

சிராகூசாவிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்தில் நோத்தோ. 1693 ஜனவரி 11 அன்று வந்த நிலநடுக்கம் தென்கிழக்குச் சிசிலியை நொறுக்கிப் போட்டது, ஏறக்குறைய 60,000 பேர் இறந்தார்கள். பழைய நோத்தோவை அப்படியே கைவிட்டு, சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய இடத்தில், நேரான அகலத் தெருக்களோடு ஊரையே புதிதாகக் கட்டினார்கள். மோதிகா, ரகூசா, ஷிக்லி, கத்தானியா எல்லாம் அதே காலத்தில் மறுபடி எழுந்தவை. எட்டு ஊர்களைச் சேர்த்து 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. இவற்றில் எதைப் பார்த்தாலும் ஒரு பேரழிவுக்குப் பிறகு மனிதர்கள் எப்படி யோசித்தார்கள் என்பது புரியும். பழைய இடத்திலேயே கட்டுவதா, இடத்தை மாற்றுவதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது. நோத்தோ இடம் மாறியது. ரகூசாவில் ஒரு பகுதியினர் பழைய இடத்தில் கட்டினார்கள், இன்னொரு பகுதியினர் மேட்டில் புது ஊர் கட்டினார்கள், இன்றும் அது இரட்டை ஊர்தான். கத்தானியா எரிமலைக் கருங்கல்லைக் கொண்டே தன்னைத் திரும்பக் கட்டிக்கொண்டது, அதன் மையச் சதுக்கத்தில் நிற்கிற யானைகூட எரிமலைக் கல்தான். இந்த ஊர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் சுவை கூடுகிறது. சிராகூசாவில் மூன்று இரவு இருந்தால் இரண்டு மூன்று ஊர்களை ஒப்பிட முடியும். வட்டத்தில் ஒன்றைத்தான் தொட முடியும்.

எட்னாவுக்கு வருவோம். ஐரோப்பாவின் மிக உயரமான உயிருள்ள எரிமலை, சுமார் 3,400 மீட்டர். கத்தானியாவிலிருந்து காலையில் ஒரு பஸ் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ரிஃபூஜியோ சபியென்சா வரை போகும், மாலையில் திரும்பி வரும். அங்கிருந்து கேபிள் கார் சுமார் 2,500 மீட்டர் வரை ஏறும். அதற்கு மேலே போவதற்கு வழிகாட்டி வேண்டும், எரிமலையின் அன்றைய நிலையைப் பொறுத்துக் கட்டுப்பாடுகள் மாறும். மேகம் கவிந்தால் ஒன்றும் தெரியாது, காற்று பலமாக இருந்தால் கேபிள் கார் ஓடாது. எட்னா புகையும் சாம்பலும் கக்கினால் கத்தானியா விமான நிலையமே மூடப்படும், 2024 கோடையில் அப்படி நடந்தது. இப்படிப்பட்ட ஒரு மலைக்கு ‘ஆறாம் நாள் காலை எட்னா’ என்று எழுதி வைப்பதில் பொருளில்லை. கத்தானியாவில் மூன்று இரவு தங்கினால் இரண்டு காலைகள் கைவசம் இருக்கும். வானம் தெளிந்த காலையில் மலைக்குப் போகலாம், மற்றக் காலையில் மீன் சந்தைக்கோ தாவோர்மினாவின் கிரேக்க அரங்குக்கோ போகலாம். வட்டத்தில் ஒரு நாள் தவறினால் அடுத்தடுத்த அறைகளுக்கெல்லாம் ஏற்கனவே பணம் கட்டியிருப்பதால் திட்டத்தை நகர்த்த வழியே இல்லை. ஒரு நல்ல பயணத் திட்டத்தில் எல்லாமே இறுக்கிக் கட்டியிருக்கக் கூடாது, மாற்றிப் போட இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை இரண்டு ஊர்த் திட்டம்தான் தருகிறது.

இனி எதிர்வாதங்கள். முதல் வலுவான எதிர்வாதம் இது: கிழக்கே உட்கார்ந்துவிட்டால் பலேர்மோ போய்விடுமே, அக்ரிஜென்டோ போய்விடுமே? நியாயமான கவலை. பலேர்மோவில் இருப்பது தீவின் கிழக்கில் கிடையாது. 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் என்ற நார்மன் அரசன் தன் அரண்மனைக்குள் கட்டிய சிற்றாலயத்தில் பைசாந்தியக் கலைஞர்களின் தங்க மொசைக் சுவரில் இருக்கிறது, தலைக்கு மேல் முழுக்க அரபுத் தச்சு வேலைப்பாட்டில் தேன்கூடு போன்ற மரக்கூரை இருக்கிறது. அதே அரசனுக்காகத்தான் அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் 1154இல் தம் உலக வரைபடத்தையும் நூலையும் முடித்துக் கொடுத்தார். பக்கத்து மொன்ரியாலேயில் ஒரு பேராலயத்தின் உட்சுவர் முழுவதுமே மொசைக். அக்ரிஜென்டோவில் கன்கார்டியா கோயில், ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் தேவாலயமாக மாறியதால் தப்பித்து, இன்றும் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. இவற்றை விட மனமில்லை என்றால் விட வேண்டாம். அப்போதும் வட்டம் தேவையில்லை, கோடு போதும். பலேர்மோவில் இறங்கி கத்தானியாவிலிருந்து திரும்புகிற மாதிரி விமான டிக்கெட் எடுங்கள். இரண்டு ஊரிலும் விமான நிலையம் இருக்கிறது, பெரும்பாலும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வராது. பலேர்மோவில் மூன்று இரவு, சிராகூசாவில் மூன்று இரவு. பலேர்மோவிலிருந்து அக்ரிஜென்டோவுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், காலையில் போய் மாலையில் திரும்பலாம். செஃபலூ ஒரு மணி நேரத்துக்குள், மொன்ரியாலே நகரப் பஸ் தூரம். பலேர்மோவிலிருந்து கத்தானியாவுக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள், அங்கிருந்து சிராகூசாவுக்கு ஒன்றேகால் மணி நேரம். பலேர்மோவுக்கும் கத்தானியாவுக்கும் இடையே புதிய ரயில் பாதை வேலை நடப்பதால் ரயிலைவிட பஸ்ஸை நம்புவது நல்லது. இந்தக் கோட்டில் தீவின் மூன்று பெரிய வரலாற்றுப் பகுதிகளும் வந்துவிட்டன, அறை மாற்றம் ஒன்றுதான். எட்னாவுக்குத் தனியாக நாள் ஒதுக்க முடியாது, அதை விட்டுக்கொடுக்க வேண்டும். வட்டத்தில் இதற்கு மேல் கிடைப்பது பெரும்பாலும் சாலைதான்.

இரண்டாவது வலுவான எதிர்வாதம் பணத்தைப் பற்றியது, நம் வாசகர்களில் பலருக்கும் இதுதான் முதலில் மனதில் வரும். லட்சக்கணக்கில் செலவழித்து, விசாவுக்கு அலைந்து, இவ்வளவு தூரம் போகிறோம், திரும்ப எப்போது வரப்போகிறோம், இருக்கிற நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா? இந்த உணர்வை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாவில் இருக்கிறவர் ஒரு வார இறுதிக்கு மறுபடி போய்விடலாம், நமக்கு அது முடியாது. ஆனால் செலவு அதிகம் என்பதாலேயே நேரத்தை வீணாக்காமல் இருக்க வேண்டிய தேவையும் அதிகமாகிறது. வட்டத்தில் கொடுக்கிற பணத்தில் ஒரு பெரும் பங்கு பெட்டியைத் தூக்குவதற்கும் சாலையில் உட்கார்ந்திருப்பதற்கும் போகிறது என்பதைத்தான் மேலே கணக்குப் போட்டுக் காட்டினேன். விசா விஷயத்திலும் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியக் குடிமக்களுக்காகக் கொண்டுவந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை முறையாகப் பயன்படுத்தியவர்கள் இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசாவுக்குத் தகுதி பெறலாம். எல்லோருக்கும் இது பொருந்தாது என்றாலும், ‘இனி ஒருபோதும் வரமாட்டோம்’ என்ற அச்சத்தில் திட்டம் போட வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது. அப்படியே திரும்ப வராவிட்டாலும் விட்டுவிட்டு வருவது தோல்வி ஆகாது. 1787இல் ஜெர்மன் கவிஞர் கெதே சிசிலியில் சுமார் ஆறு வாரம் இருந்தார். அவ்வளவு நாள் இருந்தும், பண்டைய கிரேக்க உலகத்தின் மாபெரும் நகரமான சிராகூசாவுக்கு அவர் போகவில்லை. தீவு ஏன் கோதுமைக் களஞ்சியமாக இருந்தது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்பி, அக்ரிஜென்டோவிலிருந்து உள்நாட்டு வயல்கள் வழியாகக் கத்தானியாவுக்குப் போனார். தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து ஒன்றைத் தேர்ந்துகொண்டு இன்னொன்றை விட்டார். ஆறு வாரம் இருந்தவரே அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்றால் ஏழு நாளில் போகிற நாம் தேர்ந்தெடுக்கத் தயங்க வேண்டியதே இல்லை.

கார் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மூன்றாவது வாதம். கார் சில விஷயங்களைச் சரிசெய்யும், எல்லாவற்றையும் அல்ல. நம் ஊர் லைசென்ஸோடு ஆர்டிஓவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இத்தாலியில் வாடகைக்குக் கிடைப்பதில் கியர் வண்டிகளே அதிகம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி, கூடுதலாகக் கட்ட வேண்டும். பழைய நகரப் பகுதிகளில் பெரும்பாலானவை வெளி வண்டிகளுக்குத் தடை செய்யப்பட்டவை, நுழைவாயிலில் கேமரா இருக்கும், தெரியாமல் நுழைந்தாலும் அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும். ஒர்தீஜியாவும் பலேர்மோவின் நடுப்பகுதியும் அப்படித்தான். ஒவ்வொரு ஊரிலும் வண்டியை வெளியே நிறுத்திவிட்டுப் பெட்டியோடு நடக்க வேண்டும் என்றால் காரால் கிடைத்த சுதந்திரத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. காருக்கு உண்மையான பயன் ஒன்று உண்டு. தென்கிழக்கு மலை ஊர்களுக்கு ரயில்கள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை போனால் அவற்றையும் நம்ப முடியாது. ஆகவே சிராகூசாவில் தங்கிக்கொண்டு ஒரு நாளைக்கு மட்டும் கார் எடுத்து நோத்தோ, மோதிகா, ரகூசா என்று போய் வருவது நல்ல யோசனை. வாரம் முழுவதற்கும் கார் எடுத்தால் கட்டிய பணத்துக்காகவே ஓட்டிக்கொண்டிருப்போம்.

குழுச் சுற்றுலா நடத்துகிறவர்கள் ஏழெட்டு நாளில் தீவு முழுவதையும் காட்டுகிறார்களே என்பது நான்காவது. ஆமாம், காட்டுகிறார்கள், அது ஒரு நேர்மையான சேவைதான். பெட்டியை அவர்களே பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், மொழி தெரியாத கவலை இல்லை. நடக்கச் சிரமப்படுகிற பெரியவர்களுக்கு அதுவே சிறந்த வழியாக இருக்கலாம், அவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் நாமே திட்டம் போட்டுப் போகும்போது அந்த நிகழ்ச்சி நிரலை மட்டும் நகலெடுத்தால் அதன் கஷ்டங்கள் நமக்கு வரும், அந்த வசதிகள் வராது. தனியாகப் போவதன் பலனே நேரம் நம் கையில் இருப்பதுதான். சாப்பாட்டில்கூட இது தெரியும். இறைச்சி சாப்பிடாதவர்கள் கத்தானியாப் பக்கத்தில் கத்தரிக்காயும் தக்காளியும் உப்பிட்ட ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டியும் சேர்ந்த பாஸ்தா அல்லா நோர்மா, கபோனாத்தா என்கிற கத்தரிக்காய்க் கூட்டு, பலேர்மோவில் கொண்டைக்கடலை மாவில் பொரித்த பனெல்லே என்று நிறைவாகவே சாப்பிடலாம். ஆனால் எங்கும் கிடைக்கிற ஆரஞ்சுப்பழ வடிவச் சோற்றுருண்டையான அரன்சீனியில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டு, தெரிந்து, நமக்குச் சரிப்பட்ட கடையைக் கண்டுபிடித்து, அடுத்த நாளும் அங்கேயே போகிற வசதி ஒரே ஊரில் மூன்று இரவு இருக்கிறவர்களுக்குத்தான் உண்டு.

எப்போது போவது என்பதையும் இதே வாதத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசாவுக்குப் பக்கத்தில் 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பிய நிலப்பகுதியில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் அதுதான் என்று உலக வானிலை அமைப்பு பிறகு உறுதிசெய்தது. ஜூலை, ஆகஸ்டில் பகல் பதினொன்று முதல் ஐந்து வரை திறந்தவெளி இடிபாடுகளில் நடப்பது நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்களுக்கும் கடினம், அந்த மாதங்களில் அரைநாள்கள் இன்னும் சுருங்கிவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடியும் வரையும் பகல் நீளமாகவும் வெயில் தாங்கக்கூடியதாகவும் இருக்கும். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: மே, ஜூன் மாதங்களில் சிராகூசாவின் கிரேக்க அரங்கில் பண்டைய கிரேக்க நாடகங்கள் நடக்கும், 1914இல் தொடங்கிய மரபு அது. அப்போது பாறையில் செதுக்கிய இருக்கைகளின் மேல் மரப்பலகை போட்டிருப்பார்கள், பகலில் போனால் கல்லைச் சரியாகப் பார்க்க முடியாது. மாலையில் நாடகத்துக்கே டிக்கெட் எடுத்துவிடுங்கள். மொழி புரியாவிட்டாலும், அந்த அரங்கு எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்குப் பயன்படுவதைப் பார்ப்பது வேறெந்தப் பார்வையையும்விட மேல்.

ஆகவே திட்டம் போட உட்காரும்போது ஊர்ப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் எந்த விமான நிலையத்தில் இறங்கி எதிலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யுங்கள். வரலாறும் கலையும்தான் உங்களை இழுக்கின்றன என்றால் பலேர்மோவும் சிராகூசாவும். மலையும் கடலும் வேண்டும், குழந்தைகள் உடன் வருகிறார்கள் என்றால் சிராகூசாவும் கத்தானியாவும். இரண்டு அறையையும் பழைய நகரத்துக்குள்ளேயே, நடந்து போகிற தூரத்தில் போடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் மதிய ஓய்வுக்கும் மாலை நடைக்கும் அந்தக் கூடுதல் பணம் ஈடாகும். பிறகு காகிதத்தில் பதினான்கு கட்டம் போட்டு, போக்குவரத்துக்குப் போகிறவற்றை முதலில் அடித்துவிடுங்கள். மிச்சக் கட்டங்களில் நேரம் மாற்ற முடியாதவற்றை எழுதுங்கள்: காலை ஒரே பஸ், ஞாயிறு இல்லாத ரயில், பூசை நேரத்தில் மூடுகிற சிற்றாலயம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். மழைக்கோ உடல் அலுப்புக்கோ மறுபடி பார்க்கத் தோன்றுகிற ஒரு இடத்துக்கோ அது பயன்படும். இவ்வளவையும் போட்ட பிறகும் இடம் பெறாத ஊர்கள் நிறைய இருக்கும். அவற்றைத் துணிந்து அடித்துவிடுங்கள். சிசிலி மூவாயிரம் ஆண்டாக வந்தவர்களெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் கட்டி வைத்த தீவு. அதன் ஓரத்தை முழுவதும் சுற்றி வந்தவரைவிட, இரண்டு இடத்தில் நின்று அந்த அடுக்குகளைப் பார்த்தவர்தான் அதை நன்றாகத் தெரிந்துகொண்டவர்.